பின்விளக்கை மாற்றும் முன் போல்ட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2015-ல் வாங்கிய 150 சிசி வண்டி. செம்பூரிலிருந்து தினமும் நரிமன் பாயின்ட் போய்வருகிறீர்கள், பகல் முழுக்க வண்டி கடல் காற்றில் நிற்கிறது. கம்பெனி கொடுத்த பெரிய டெயில் லைட்டையும் நீளமான பின் மட்கார்டையும் எடுத்துவிட்டு, இண்டிகேட்டரோடு சேர்ந்து வரும் சின்ன எல்இடி செட் ஒன்று மாட்ட ஆசை. கழற்றப் போனால் நம்பர் பிளேட் பிராக்கெட்டில் இருக்கும் போல்ட் எல்லாம் துருவேறி அசைய மறுக்கிறது. மெக்கானிக் "எல்லாத்தையும் எஸ்.எஸ். போல்ட்டா மாத்திடலாம், அப்புறம் கவலையே இல்ல" என்கிறார். எஸ்.எஸ். என்றால் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். அவர் சொல்வதை நம்பலாமா, எல்இடி போட்டால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்குமாமே, அதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளக்கு ஒரு கேள்வி, துரு ஒரு கேள்வி என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். வேலையில் இறங்கினால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். பல வண்டிகளில் பின்பக்க விளக்குகளுக்கு எர்த் போவதே போல்ட் வழியாகத்தான். இண்டிகேட்டரின் இரும்புத் தண்டு, அதை இறுக்கும் நட்டு, அது உட்காரும் பிராக்கெட், பிராக்கெட்டை சேசிஸோடு சேர்க்கும் போல்ட், இவ்வளவும் கரன்ட் திரும்பிப் போகும் பாதை. அந்த போல்ட்டும் ஒரு வயர்தான். அதில் துரு பிடித்தால் வயர் அறுந்த மாதிரி. நான் பல வருஷம் மும்பைத் துறைமுகப் பக்கம் கிரேனுக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன், இப்போது சயானில் டூவீலர் வயரிங் மட்டும் பார்க்கிறேன். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, "லைட் போச்சு" என்று வருவதில் லைட் உண்மையிலேயே போயிருப்பது குறைவு. எங்கோ ஒரு ஜாயின்ட்தான் போயிருக்கும்.

உங்கள் வண்டியில் எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சாயங்காலம் லைட்டைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள். டெயில் லைட் பளிச்சென்று கூடாமல் மங்கினாலோ, இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட்டும் கூடவே மினுக்கினாலோ, சில வண்டிகளில் நடப்பதுபோல் பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு லேசாக எரிந்தாலோ, எர்த் கெட்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். காரணம் இதுதான். 21/5 வாட் பல்பில் இரண்டு ஃபிலமென்ட் (எரியும் இழை), பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட், இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் அடைபட்டால், பிரேக் ஃபிலமென்ட்டில் வந்த கரன்ட் டெயில் ஃபிலமென்ட் வழியாகப் பின்னோக்கிப் போய், அதே லைனில் இருக்கும் நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு வழியாக வேறு எங்காவது எர்த்தைத் தேடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பேய் புகுந்த வயரிங் மாதிரி இருக்கும். பல வண்டிகளில் இதற்காக ரிலே, சுவிட்ச், பல்பு என்று வரிசையாக மாற்றிவிட்டுத்தான் நம்மிடம் வருவார்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை பல்பு ஹோல்டரின் உடம்பிலும் வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எர்த் பாதையில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது பத்தரை வோல்ட்டுக்குள் இறங்கிவிடும். ஃபிலமென்ட் பல்பில் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாகக் குறையும் என்பதால் அந்தச் சின்ன இறக்கத்திலேயே ஏறக்குறைய 60 சதவீத வெளிச்சம்தான் மிஞ்சும். ஒரு ஓம் என்பது பெரிய துரு இல்லை, ஒரு வாஷருக்கு அடியில் இருக்கும் பழுப்புப் பொடி போதும்.

எல்இடி போட்டவுடன் "இப்போ எல்லாம் சரியாயிடுச்சு" என்று தோன்றுவதற்கும் இதுதான் காரணம். எல்இடி இழுப்பது 0.1, 0.2 ஆம்பியர். அதே ஒரு ஓம் தடையில் அதற்கு 0.2 வோல்ட் கூடக் குறையாது, விளக்கு பிரகாசமாக எரியும். நோய் அப்படியே இருக்கும், அறிகுறி மட்டும் மறைந்துவிடும். துரு முற்றி ஒருநாள் மழையில் தொடர்பே அறும்போது டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் போகும். அதனால் என் முதல் யோசனை, போல்ட்டை எர்த் வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து, வண்டியின் வயரிங்கில் ஏற்கெனவே வரும் எர்த் வயரோடு சேர்த்துவிடுங்கள். அரை சதுர மி.மீ. வயர் தாராளம். அதன்பின் போல்ட்டின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும். கிரீஸ் தடவலாம், நைலான் வாஷர் போடலாம், பெயின்ட் அடிக்கலாம், விளக்கு எரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இனி துரு. மும்பையில் மழைதான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மழை திறந்த இடங்களில் உப்பைக் கழுவிவிடுகிறது, அந்த வகையில் அது நல்லதுகூட. கெடுப்பது காற்றில் வந்து படியும் கடல் உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்த்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அப்படியென்றால் இந்த ஊரில் உப்பு படிந்த போல்ட் வருஷத்தில் பெரும்பாலான நாள் ஈரமாகத்தான் இருக்கிறது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். மட்கார்டின் அடிப்பக்கம், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், இண்டிகேட்டர் தண்டின் அடியில் என்று மழை எட்டாத இடங்களில்தான் துரு அதிகம் என்பதை நீங்களே கழற்றும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீர் எட்டாததால் அங்கே உப்பு கழுவப்படுவதே இல்லை. ஜூன் தொடங்குவதற்கு முன்பும் மழை விட்ட அக்டோபரிலும் பின்பக்கத்தின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுவது, விலை உயர்ந்த எந்த ஸ்பிரேயைவிடவும் பலன் தரும். பிரஷர் வாஷ் வேண்டாம், கனெக்டருக்குள் தண்ணீரைத் திணித்துவிடும். குழாய்த் தண்ணீர் போதும்.

எஸ்.எஸ். போல்ட் பற்றி மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. ஸ்டெய்ன்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது என்பது ஓரளவு உண்மை, ஆனால் பக்கத்தில் இருக்கும் உலோகத்தைப் பிடிக்க வைக்கும். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அலுமினியமும் துத்தநாகமும் கரையும் பக்கம், ஸ்டெய்ன்லெஸ் தப்பிக்கும் பக்கம். உங்கள் வண்டியில் மூன்று விதமான இடம் இருக்கும். பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை புஷ்ஷுக்குள் போகும் ஸ்குரூவுக்கு ஸ்டெய்ன்லெஸ் தாராளமாகப் போடலாம், பெரிய தொந்தரவு வராது. பெயின்ட் அடித்த இரும்பு பிராக்கெட்டிலும் போடலாம். போல்ட் சிறியது, பிராக்கெட் பெரியது என்பதால் அரிப்பு பரவலாக, மெதுவாக நடக்கும். ஆனால் போல்ட் தலைக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்பட்டால் முதலில் அங்கேதான் பழுப்புக் கோடு இறங்கும், அதனால் ஒரு நைலான் வாஷர் அவசியம். மூன்றாவது இடம்தான் ஆபத்து. பின்பக்கக் கைப்பிடியின் அலுமினிய வார்ப்புக்குள்ளோ நீங்கள் வாங்கப்போகும் அலுமினியத் தகட்டுக்குள்ளோ நேராக மரை போட்டு ஸ்டெய்ன்லெஸ் போல்ட்டை முறுக்கினால், மரைக்குள் வெள்ளைப் பொடி வளரும். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும், போல்ட்டை உள்ளேயே கவ்விக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் கழித்துக் கழற்றினால் போல்ட் புத்தம் புதிதாக வெளியே வரும், கூடவே அலுமினியத்தின் மரையும் சுருள் சுருளாக வரும்.

அந்த இடத்தில் ஸ்டெய்ன்லெஸ் போடுவதானால் மரையில் ஆன்டிசீஸ் பேஸ்ட் (மரை கவ்விக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவித்தான் போட வேண்டும். செம்புத் தூள் கலந்த பேஸ்ட்டை அலுமினியத்தில் போடலாமா என்று மெக்கானிக்குகளுக்குள்ளேயே சண்டை உண்டு. போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். செம்பும் அலுமினியமும் உப்பில் சேரக் கூடாத ஜோடி என்பதால் நான் நிக்கல் அல்லது அலுமினியம் கலந்ததையே எடுப்பேன். எதுவும் கிடைக்காவிட்டால் கெட்டியான மரைன் கிரீஸ் போதும், வெறும் மரையைவிட எவ்வளவோ மேல். பேஸ்ட் தடவிய மரை வழுக்கும், அதே டார்க்கில், அதாவது அதே முறுக்கு விசையில், அதிகமாக இறுகிவிடும். வறண்ட எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சொல்லியிருந்தால் கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவில் போல்ட் கடைகளுக்குப் பஞ்சமில்லை, சில்லறையாகவும் கொடுப்பார்கள். தலையில் ஏ2-70 அல்லது ஏ4-70 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ஏ2 என்றால் நாம் 304 என்று சொல்கிற வகை, ஏ4 என்றால் 316. இரண்டாவதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, கடல் உப்பைத் தாங்குவது அதனால்தான். 304 கூட நரிமன் பாயின்ட் காற்றில் டீக்கறை மாதிரி மேலே பழுப்பு பூக்கும், அது அழகுக் குறைவுதான், பலம் குறையாது. தலையில் எந்த எழுத்தும் இல்லாத "எஸ்.எஸ்." போல்ட்டை நம்பாதீர்கள். நம் ஊரில் பாத்திரத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் ஓடும் 202 வகை மலிவு ஸ்டீல் நிறையப் புழங்குகிறது, அது கடல் பக்கம் சீக்கிரமே துருப்பிடிக்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்து "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்" என்பார். 202-ம் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304 போல்ட்டோ, குளிர்நிலையில் அடித்து உருவாக்கியதால் லேசாக ஒட்டும். ஆகவே காந்தச் சோதனை இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

விளக்கு, நம்பர் பிளேட், பேனல் இவற்றோடு ஸ்டெய்ன்லெஸ்ஸை நிறுத்திக்கொள்ளுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆசை வந்தால் கை பிரேக் கேலிப்பர் வரை போய்விடும். ஏ2-70 என்பதன் இழுவிசை 700 மெகாபாஸ்கல். கம்பெனி போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால் 800, 10.9 என்றால் 1000. கேலிப்பர், சக்கர ஆக்ஸில், ஸ்பிராக்கெட், ஷாக் அப்சார்பர், கால் வைக்கும் பிராக்கெட் ஆகியவற்றில் கம்பெனி போட்ட கிரேடுதான் இருக்க வேண்டும், துருப்பிடித்தால் அதே கிரேடில் புதிது வாங்குங்கள். இன்னொன்று, ஸ்டெய்ன்லெஸ் போல்ட்டில் ஸ்டெய்ன்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றிக்கொள்ளும், முன்னாலும் போகாது பின்னாலும் வராது. கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டில் இது அடிக்கடி நடக்கும். பேஸ்ட் தடவி, கை ஸ்பேனரால் நிதானமாக முறுக்குங்கள். இம்பேக்ட் கன் வேண்டாம்.

இப்போது இறுகியிருக்கும் பழைய போல்ட்டுகள். பெனிட்ரேட்டிங் ஆயில் அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், காலையில் மறுபடி அடியுங்கள். கழற்றும் திசையில் முட்டிமோதாமல் முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்துப் பாருங்கள், துருவின் பிடி உடைவது அங்கேதான். பிறகு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக. ஜப்பான் வழி வந்த வண்டிகளில் பிளஸ் ஸ்குரூவின் தலை சாதாரண பிலிப்ஸ் அளவு இல்லை, ஜிஸ் என்கிற ஜப்பான் அளவு. பிலிப்ஸ் டிரைவர் மேலே ஏறிக்கொண்டு தலையை வழித்துவிடும். சரியான முனை கொண்ட இம்பேக்ட் டிரைவரை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் அசைந்துவிடும். சூடு காட்டுவது நல்ல வழிதான், ஆனால் டெயில் பகுதியில் பிளாஸ்டிக்கும் வயரும் இருக்கின்றன, பெட்ரோல் டேங்க்கும் தூரமில்லை. வீட்டு வாசலில் அதைச் செய்யாதீர்கள். டபிள்யூடி-40 பற்றி எல்லோரும் கேட்பார்கள். தண்ணீரை விரட்டவும் கழற்றவும் நல்லது, பாதுகாப்புப் பூச்சாக நிற்காது, சில வாரத்தில் போய்விடும்.

நம்பர் பிளேட்டைத் தொடும் முன் யோசியுங்கள். எச்எஸ்ஆர்பி எனும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியிருந்தால் அதன் ஸ்னாப் லாக் கழற்ற முடியாதபடி செய்யப்பட்டது, உடைத்தால்தான் வரும், உடைத்தால் மறுபடி அங்கீகாரம் பெற்றவரிடம் போய்த்தான் மாட்ட வேண்டும். பிளேட்டை அதன் பிராக்கெட்டோடு அப்படியே விட்டுவிட்டு, பிராக்கெட்டைப் பின்னாலிருந்து கழற்றி புதிய தாங்கியில் பொருத்துகிற மாதிரி செட் தேடுங்கள். பின் பிளேட் 200 x 100 மி.மீ., அது மடங்காமல், மேல்நோக்கிச் சாயாமல் உட்கார இடம் இருக்க வேண்டும்.

விளக்குக்கு வருவோம். எல்இடிக்கு ஒரு உண்மையான லாபம் உண்டு. ஃபிலமென்ட் சூடாகி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்இடி உடனே எரியும். பின்னால் 60 கி.மீ. வேகத்தில் வருபவருக்கு அது மூன்று மீட்டருக்கு மேல். ஆனால் மலிவான செட்களில் அந்த லாபத்தைத் தின்றுவிடும் குறை ஒன்று இருக்கிறது. 21/5 வாட் பல்பில் டெயிலுக்கு 35 லூமென், பிரேக்குக்கு 440, அதாவது பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பின்னால் வருபவரின் கண் கவனிப்பது இந்தத் தாவலைத்தான். பல சின்ன செட்களில் டெயிலே கண்ணைக் கூசும்படி எரியும், பிரேக் பிடித்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. கடையிலேயே பேட்டரியில் கொடுத்து, வெயிலில், இருபதடி தள்ளி நின்று பாருங்கள். பிரேக் பிடித்தது சட்டென்று தெரியவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்டதும் வேண்டாம். பிரேக் பிடித்தால் மினுக்குகிற மாட்யூலும் வேண்டாம், இண்டிகேட்டர் என்று நினைத்துக்கொள்ள ஆளிருக்கிறது.

இண்டிகேட்டர் உள்ளேயே சேர்ந்த செட்டில் இன்னொரு சிக்கல். பிரேக்கின் சிவப்புக்கு ஒட்டியே ஆரஞ்சு இருந்தால் பிரேக் பிடித்தபடி திரும்பும்போது எந்தப் பக்கம் என்று தெரியாது. மோட்டார் சைக்கிள் விளக்குகளுக்கான ஐ.நா. விதி 53, பின் இண்டிகேட்டர் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 180 மி.மீ. இடைவெளி கேட்கிறது. சின்ன செட்களில் பல அந்தக் கணக்குக்குள் வராது. டெயில் லைட்டை மட்டும் சிறியதாக்கிக்கொண்டு இண்டிகேட்டரைத் தனியாக வெளியே வைப்பதே என் விருப்பம்.

முழு செட் மாற்றாமல் பழைய லைட்டுக்குள் எல்இடி பல்பு மட்டும் போட நினைத்தால் நிறத்தைப் பாருங்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் வெளிறிய ரோஸ் நிறம்தான் வரும், அதன் வெளிச்சத்தில் சிவப்புப் பங்கு குறைவு. சிவப்புக்குள் சிவப்பு, ஆரஞ்சுக்குள் ஆரஞ்சு போட வேண்டும். ஆனால் உங்கள் டெயில் லைட்டின் அடியில் நம்பர் பிளேட்டுக்கு ஒரு வெள்ளை ஜன்னல் இருந்தால், சிவப்பு எல்இடி போட்டதும் பிளேட்டும் சிவப்பாகிவிடும். பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் சட்டப்படி தேவை. அப்போது பிளேட்டுக்குத் தனியாக ஒரு சின்ன வெள்ளை விளக்கு வைக்க வேண்டியதுதான்.

2015 வண்டி என்பதால் இன்னொரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் போட்டு லைட் சுவிட்சைத் தட்டுங்கள். டெயில் லைட் எரிந்தால் பேட்டரியிலிருந்து வரும் டிசி. இன்ஜின் ஓடினால்தான் எரிகிறது, ஆக்சிலேட்டரோடு கூடிக் குறைகிறது என்றால் அது ஏசி லைன். 2017 ஏப்ரலில் ஹெட்லைட் எப்போதும் எரியும் விதி வருவதற்கு முந்தைய சின்ன வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். ஏசியில் எல்இடி மினுக்கும், பாதுகாப்பு டையோடு இல்லாவிட்டால் சீக்கிரம் செத்தும் போகும். அப்படி இருந்தால் டெயில் லைனை டிசிக்கு மாற்றிய பிறகே எல்இடி.

படபடப்புக்குப் பதில் எளிது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பெட்டிதான் ஃப்ளாஷர். பழைய ஃப்ளாஷர் இரண்டு 10 வாட் பல்பின் பளுவை எதிர்பார்க்கிறது. பளு குறைந்தால் பல்பு ஒன்று ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கும், அல்லது அடிக்கவே அடிக்காது. பளுவைப் பார்க்காத எல்இடி ஃப்ளாஷர் வாங்கி மாட்டுங்கள், நிமிஷத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் அடிக்க வேண்டும். ரெசிஸ்டர் போட்டுச் சமாளிப்பது வீண். மிச்சப்படுத்திய கரன்ட்டை அப்படியே சூடாக்கி, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கும். ஃப்ளாஷர் மாற்றிய பின்னும் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து அடித்தால், மீட்டரில் இடது வலது இரண்டுக்கும் பொதுவாக ஒரே அம்பு விளக்கு இருக்கிறது, அதன் வழியாகக் கரன்ட் மறுபக்கம் கசிகிறது. அந்த விளக்குக்கு வரும் இரண்டு வயரிலும் ஒவ்வொரு 1என்4007 டையோடு, வெள்ளிக் கோடு விளக்கின் பக்கம் இருக்கும்படி போட்டு, இரண்டையும் விளக்கின் ஒரு முனையில் சேர்த்து, மறு முனையை எர்த் செய்யுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டில் அந்த டையோடு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

வயரை வெட்டும் முன் நிறத்தை நம்பி இறங்காதீர்கள். ஹோண்டாவிலும் அதன் வழி வந்த ஹீரோவிலும் பச்சை எர்த், பழுப்பு டெயில், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக், ஆரஞ்சு இடது, வெளிர்நீலம் வலது. மற்ற கம்பெனிகளில் கதை வேறு, டெஸ்ட் லாம்ப் (கரன்ட் வருகிறதா என்று காட்டும் சோதனை விளக்கு) வைத்துப் பார்த்தே தீர வேண்டும். தோலைக் குத்தி இணைக்கும் கிளிப்புகளை நான் தொடுவதில்லை. அவை செம்பைக் காயப்படுத்தி உப்புக்கு வாசல் திறந்துவிடும், ஒரு வருஷத்தில் உள்ளே பச்சைப் பொடி. கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நுழைத்து நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். சால்டரும் நல்ல ஜாயின்ட்தான், ஆனால் ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறியும். போட்டால் வயர் ஆடாதபடி பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். கனெக்டரில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் அடைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

கடைசியாக இரண்டு பொருள், ஹார்டுவேர் கடையில் கையில் திணிப்பார்கள். ஒன்று, காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட். உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது செம்பையும் சர்க்யூட் போர்டையும் அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அதையும் விளக்கின் அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளையில் பூசிவிடாதீர்கள். எல்லாவற்றையும் அடைத்தால் உள்ளே புகுந்த ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. இரண்டாவது, போல்ட் கழலாமல் இருக்கப் போடும் நீல நிற திரவம். இரும்பில் அருமையான பொருள், விளக்கின் பிளாஸ்டிக்கில் பட்டால் மயிரிழையாக விரிசல் விடும். விளக்கைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு நைலாக் நட்டு போதும்.

சட்டம் பற்றி நான் வக்கீலாகப் பேச முடியாது, விதியில் இருப்பதைச் சொல்கிறேன். பின்விளக்கின் சிவப்பு 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும், பிளேட் 15 மீட்டரிலிருந்து படிக்கும்படி வெள்ளை வெளிச்சம் வேண்டும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலை கார்டும் கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ல் வருகின்றன. மட்கார்டை எடுக்கும் செட்களில் பெரும்பாலும் ரிஃப்ளெக்டர்தான் காணாமல் போகும், அதை மறக்காமல் மாற்றிப் பொருத்துங்கள். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். போலீஸ்காரர் சின்ன டெயில் லைட்டுக்காக நிறுத்துவாரா என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்க்கும் நாள்தான் பெரிய கேள்வி. அதனால் கழற்றிய பழைய செட்டை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது ஒன்று, உங்கள் பிராக்கெட் இன்னும் தாங்குமா என்பது. போல்ட்டைச் சுற்றி இரும்பு இலை இலையாக உரிகிறதா, ஸ்குரூடிரைவர் முனையால் குத்தினால் உள்ளே போகிறதா பாருங்கள். போனால் எந்த போல்ட் போட்டும் பயனில்லை, பிராக்கெட்டையே மாற்ற வேண்டும். மேலோடு மட்டும் துரு என்றால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு போல்ட் போடுங்கள். வண்டியின் மாடலையும், லைட் சுவிட்ச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள், ஃப்ளாஷர் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த எர்த் வயரில் சேர்க்கலாம் என்று சொல்கிறேன்.